எல் விழவில்லை

கீபோர்டு வேலை செய்யவில்லை என்று என்னைக் கூப்பிடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே வைத்தியம்தான். கவிழ்த்துப் பிடித்து முதுகில் நாலு தட்டு. பிஸ்கட் தூள், தலைமுடி, சில சமயம் ஒரு செத்த எறும்பு என்று எல்லாம் மேஜையில் கொட்டும். அதற்கும் சரியாகவில்லை என்றால் வயரைப் பிடுங்கி வேறு துளையில் செருகுவேன். அப்புறம் கம்ப்யூட்டரை ஒரு தரம் அணைத்துப் போடுவேன். அதற்கும் மசியவில்லை என்றால்தான் பட்டனின் மூடியை நெம்பிக் கழற்றி உள்ளே பார்ப்பது.

சால்ட் லேக் செக்டர் ஃபைவில் பத்தொன்பது வருஷமாக இதுதான் என் உத்தியோகம். பெயர் கோபு. தாத்தா கும்பகோணத்திலிருந்து பாங்கு வேலைக்காகக் கல்கத்தா வந்தவர். நான் பிறந்ததும் வளர்ந்ததும் லேக் மார்க்கெட் பக்கம். தூக்கத்தில் உளறினால்கூட வங்காளத்தில்தான் உளறுகிறேன் என்று என் மனைவி கவிதா சொல்வாள்.

ஜூன் முப்பதாம் தேதி ஒரு பட்டனின் மூடியைக் கழற்றாமல் விட்டேன். இரண்டு நிமிஷ வேலை. சோம்பேறித்தனம் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல எனக்கு வாயில்லை.

அன்றைக்குக் கூப்பிட்டவர் இராஜமாணிக்கம். மூன்றாவது மாடியில் ஒரு குழுவுக்குத் தலைவர். விருதுநகர்க்காரர், நாற்பத்தொரு வயசு, இங்கே மாற்றலாகி வந்து எட்டு மாதம். குடும்பம் ஊரில். வங்காளம் சுத்தமாக வராது. நானும் தமிழ் பேசுகிறவன் என்று தெரிந்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. மேஜையில் எப்போதும் சாத்தூர் காராச்சேவுப் பொட்டலம் பிரிந்து கிடக்கும்.

"எல் விழ மாட்டேங்குதுண்ணே," என்றார். "ஒரு நேரம் விழுது, ஒரு நேரம் விழல. நான் பாட்டுக்கு அடிச்சிக்கிட்டே போறேன், திரும்பிப் பாத்தா ஒரு எல் கூட இல்ல."

கவிழ்த்துத் தட்டினேன். அரைக் கரண்டி காராச்சேவுத் தூள் கொட்டியது. துளையை மாற்றினேன். எல் பட்டனைப் பத்துத் தடவை அழுத்தினேன். ஏழு விழுந்தது, மூன்று விழவில்லை.

"புதுசுதான் மாத்தணும். ஸ்டாக் இல்லை மாணிக்கம் சார். ரெண்டு வாரம் ஆகும்னு சொல்றா."

"பரவால்லண்ணே, ஓட்டிக்கிடுவேன். இங்கிலீஷ் மெயில்ல அதுவே திருத்திக்கிடுது. நம்ம தமிழத்தான் இங்கிலீஷ் எழுத்துல அடிக்கும்போது கொல்லுது." பிறகு யோசித்துச் சிரித்தார். "ஒண்ணு கவனிச்சீங்களா? எல் இல்லாட்டி தமிழ்ல 'இல்ல'ன்னே சொல்ல முடியாது. வரல, தெரியல, முடியல, எல்லாத்துக்கும் எல் வேணும். இனி எவன் என்ன கேட்டாலும் ஆமாஞ்சாமி போட வேண்டியதுதான்."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே காரியத்தையும் சாதித்துக்கொண்டேன். அன்று காலாண்டின் கடைசி நாள். எங்கள் வேலையில் ஒவ்வொரு புகாருக்கும் ஒரு டிக்கெட் உண்டு. தீர்க்காத டிக்கெட் என் பெயருக்கு எதிரே சிவப்பாக நிற்கும். "புது கீபோர்டு மாத்தியாச்சுன்னு போட்டு மூடிடறேனே? ஸ்டாக் வந்ததும் முதல்ல உங்களுக்குத்தான்," என்றேன்.

புகார் கொடுத்தவர் ஒப்புக்கொண்டால்தான் டிக்கெட் மூடும். அவர் தயங்கவே இல்லை. "உங்களுக்காகச் சரி போட்டுட்டேண்ணே," என்று அழுத்தினார். கீபோர்டு மாற்றப்பட்டது, ஜூன் முப்பது, கோபு, இராஜமாணிக்கம் என்று பதிவானது. கீபோர்டு இருந்த இடத்திலேயே இருந்தது. எனக்கு அதில் ஒரு விசேஷம் உண்டு. பொய்யை எழுதி மூடிவிட்டால் அப்புறம் அதை நானே நம்பிவிடுவேன்.

மாணிக்கத்தின் குழுவில் சுபிக்ஷா என்று ஒரு பெண். தேனிக்காரி, இருபத்து நாலு வயசு. எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் ஒரு வீட்டில் பேயிங் கெஸ்ட். காலையில் ஒரே பஸ்ஸில்தான் போவோம். ராசபிஹாரியில் ஏறினால் செக்டர் ஃபைவ் வரை அவள் பேச்சு நிற்காது. சனிக்கிழமை மாவு அரைத்தால் கவிதா அவளுக்கும் ஒரு டப்பா எடுத்து வைப்பாள்.

ஜூலை எட்டாம் தேதி ஆபீசில் இடி விழுந்தது. ஒரு வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நாங்கள் வேலை செய்கிறோம். அவர்களுடைய வாடிக்கையாளர்கள் நாற்பதாயிரம் பேரின் பெயர், பிறந்த தேதி, என்னென்ன வியாதி என்ற பட்டியல் முழுசாக வெளியே போய்விட்டது. போனது சுபிக்ஷாவின் கம்ப்யூட்டரிலிருந்து, மத்தியான சாப்பாட்டு நேரத்தில். கம்ப்யூட்டரைப் பூட்டாமல் கேன்டீனுக்குப் போய்விட்டேன், அது மட்டும்தான் என் தப்பு என்று அழுதாள். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சைபர் போலீசில் புகார் போனது. இருபத்து நாலு வயசில் இப்படி ஒரு கேஸில் பெயர் ஏறினால் அப்புறம் எந்தக் கம்பெனி வாசலில் சேர்ப்பார்கள்? ஜெயில் என்ற சொல்லை ஆபீசில் எல்லாரும் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

பத்தாம் தேதி, வியாழக்கிழமை, டீக்கடையில் மாணிக்கத்தைப் பிடித்தேன்.

"சார், அந்தப் பொண்ணு பண்ணிருப்பாளா?"

மண்குவளையைக் கையில் உருட்டிக்கொண்டே பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை.

"சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரிஞ்சிரும்ணே. பாத்துட்டுச் சொல்றேன். யார்ட்டயும் பேசிக்கிடாதீங்க."

மாலை ஆறு நாற்பதுக்கு ஆபீஸ் சாட்டில் அவரிடமிருந்து செய்தி வந்தது. எப்போதும் போனில் கூப்பிடுகிறவர். அன்றைக்கு வாய் திறந்து சொல்ல முடியாத இடத்தில் உட்கார்ந்திருந்தார் போல. இவ்வளவுதான்:

ava pannaa. naaiku soren

அவ பண்ணா. முதல் வாக்கியமே எனக்குப் போதுமானதாக இருந்தது. இரண்டாவது ஏதோ அவசரத்தில் விரல் தடுமாறியது என்று விட்டுவிட்டேன். வெளியே மழை அடித்துக்கொண்டு வந்தது, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். திருப்பிக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

லேக் மார்க்கெட்டில் நான் வழக்கமாகக் கறிவேப்பிலை வாங்கும் கடைக்கு எதிரே குடையோடு சுபிக்ஷா நின்றுகொண்டிருந்தாள். எனக்காகத்தான் நின்றிருக்கிறாள்.

"அங்கிள், மாணிக்கம் சார் ஏதாச்சும் சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலைம்மா," என்று அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு நடந்தேன். எனக்கு அவள் மேல் கோபமாக இருந்தது. நம் வீட்டு மாவைத் தின்றுவிட்டு இப்படிச் செய்தாளே என்ற கோபம். இந்தச் சனிக்கிழமை டப்பா எடுத்து வைக்க வேண்டாம் என்று கவிதாவிடம் சொன்னேன். "ஏன்னா, அவ என்ன பண்ணினா?" என்று அவள் கேட்டபோது துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் இருக்கும்போதே தெரிந்துவிட்டது. கேஷ்டோபூரில் மாணிக்கம் குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு உடைத்திருக்கிறார். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அது மாரடைப்புதான், நான் வேறு எதுவும் சொல்ல வரவில்லை. ஆனால் அன்று ஆபீசில் ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை. விமானத்தில் உடம்பை அனுப்பி வைத்தார்கள். காராச்சேவுப் பொட்டலம் மேஜையில் நமுத்துப் போய்க் கிடந்தது.

திங்கட்கிழமை புது கீபோர்டுகள் வந்தன. மாணிக்கத்தின் இடத்தில் ராகுல் என்று ஒருவனை உட்கார வைத்தார்கள். ஸ்டாக் வந்ததும் முதலில் உங்களுக்குத்தான் என்று சொன்ன வாக்கை அப்போது நான் காப்பாற்றினேன். பழையதைக் கழற்றிக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டுப் புதியதைச் செருகினேன். ராகுல் எல்லாப் பட்டனையும் அழுத்திப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றான்.

செவ்வாய்க்கிழமை ரஞ்சன் கூப்பிட்டார். மூன்றாவது மாடி முழுக்க அவர் பொறுப்பு. பட்டியல் திருட்டை விசாரிப்பதும் அவர்தான். மெதுவாகப் பேசுகிறவர். பேச்சுக்கு நடுவில் எதிராளியின் டீ ஆறிவிட்டதா என்று கவனிப்பார். மாணிக்கத்தின் சாட்டைத் திறந்து அந்தச் செய்தியை அச்செடுத்து வைத்திருந்தார்.

"கோபுதா, இது உங்க பாஷைதானே? ஆபா பன்னா. பன்னான்னு யாராவது பொண்ணு இருக்காளா?" என்று வங்காளத்தில் கேட்டார். தா என்றால் அண்ணா.

எனக்குத் தெரிந்த ஒன்றை யாராவது கேட்டுவிட்டால் வாய் சும்மா இருக்காது. "பேர் இல்லை சார். அவ பண்ணா. அவள்தான் செய்தாள்னு அர்த்தம். நான் சுபிக்ஷாவைப் பத்திக் கேட்டிருந்தேன், அதுக்குப் பதில்."

"அடுத்தது?"

"நாயிகு... நாய்க்கு. அதாவது உங்க குக்கூர்."

"சோரேன்?"

"அது தமிழ் இல்லை சார்."

ரஞ்சன் நாற்காலியில் சாய்ந்தார். "தமிழ் இல்லைதான். நம்ம பின்கேட் செக்யூரிட்டி மங்கல் சோரேன். தினம் ஒரு மணிக்கு மிச்சச் சோத்தை எடுத்துக்கிட்டு நாய்களுக்குப் போட வெளியே போறான். அங்கே கேமரா கிடையாது."

எனக்கு முதுகு சில்லிட்டது. பொய் சொல்கிறாரே என்று இல்லை. எல்லாம் இவ்வளவு சரியாகப் பொருந்துகிறதே என்று. சோரேன் புருலியா பக்கத்துச் சந்தால் பழங்குடி. காலையில் நான் நுழையும்போது சல்யூட் அடித்துவிட்டுத் தானே சிரிப்பான். அவன் சோறு போடும் சாக்கில் பென் டிரைவை வெளியே கொண்டு போயிருக்கிறான், கொடுத்து அனுப்பியது அந்தப் பெண், மாணிக்கம் அதைக் கண்டுபிடித்துவிட்டுச் செத்துப்போனார். அரை மணியில் கதை முழுசாகிவிட்டது. நான் சொன்ன அர்த்தத்தை ஆங்கிலத்தில் அடித்துக் கொண்டுவந்தார்கள். மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

புதன்கிழமை பின்கேட்டில் வேறு ஆள் நின்றான். ஒரு மணிக்கு நாய்கள் இரண்டும் வந்து, கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. புது ஆள் கம்பால் தரையைத் தட்டினான். அவை கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி உட்கார்ந்தன.

வியாழக்கிழமை கழிவுப் பொருள் வண்டி வரும் நாள். அதற்கு முன் பெட்டியிலுள்ளதை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்துப் பட்டியல் எழுத வேண்டும். சோதிக்க நான் எப்போதும் அடிப்பது என் விலாசத்தைத்தான். மூன்றாவதாக எடுத்த கீபோர்டின் ஓரத்தில் எண்ணெய்க் கறை. அடித்தேன். திரையைப் பார்த்தேன்.

ake Market, Kokata

கோகாடாவா என்று சிரித்தேன். எல் போன கீபோர்டு, மாணிக்கத்துடையது, பாவம் மனுஷன் என்று பேனாவைத் திறந்தேன். ஜூன் முப்பது என்று எழுதப் போனவன் நிறுத்தினேன். அன்றைக்கு நான் இதை மாற்றவே இல்லை. ஜூலை பத்தாம் தேதி மாலை அவர் விரல்களுக்குக் கீழே இருந்தது இதுதான்.

செல்போனில் அந்தச் செய்தியை எடுத்தேன். எந்த எந்த இடத்தில் எல் விழாமல் போயிருக்கும் என்று பட்டியல் தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன்.

ava pannala. nalaiku solren

அவ பண்ணல. நாளைக்குச் சொல்றேன்.

நாயும் இல்லை, சோரேனும் இல்லை. யார் செய்தது என்று தெரிந்துகொண்ட மனுஷன், திரையைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டு அவசரமாக அடித்திருக்கிறார். அவள் செய்யவில்லை என்று எனக்குத்தான் சொன்னார். நான் அதைத் திருப்பிப் போட்டுக் கையெழுத்தும் வைத்துவிட்டேன். 'இல்ல'ன்னே சொல்ல முடியாதுண்ணே என்று அவர் சிரித்தது காதில் கேட்டது. கழிவுப் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு ரஞ்சனின் அறைக்கு ஓடினேன். கீபோர்டையும் தாளையும் மேஜையில் வைத்து மூச்சு விடாமல் சொன்னேன். முடித்ததும் அவர் தன் திரையை என் பக்கம் திருப்பினார்.

"கீபோர்டு மாற்றப்பட்டது, ஜூன் முப்பது. உங்க பேர், அவர் பேர். பத்தாம் தேதி அவர் அடிச்சது புது கீபோர்டுலதானே கோபுதா?"

"அது நான் பொய்யா எழுதினது சார். ஸ்டாக் திங்கட்கிழமைதான் வந்தது."

"அப்ப எது பொய்? அன்னிக்கு எழுதினதா, இன்னிக்குச் சொல்றதா?" குரலில் கோபமே இல்லை. "செத்தவரே சரின்னு போட்டிருக்கார், பாருங்க."

"அவர் அன்னிக்கு வேற யாருக்காவது தமிழ்ல அடிச்சிருப்பார். அதைப் பாருங்கோ. எங்கேயும் எல் இருக்காது."

"பார்க்கலாம்தான். ஆனா அவர் கணக்கை, மெயில் சாட் எல்லாத்தோட, இன்னிக்குக் காலையில அழிச்சாச்சே. நீங்கதானே செஞ்சீங்க?"

எனக்கு நினைவு வந்தது. காலையில் வந்ததும் பதினோரு டிக்கெட் வரிசையில் நின்றது. வேலையை விட்டவர்களின் கணக்கை அழிக்கச் சொல்லி நாலு. பெயரைக்கூடப் படிக்காமல் ஒவ்வொன்றாக அழித்து மூடினேன், டீ குடிப்பதற்கு முன்னால். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்தது என்பார்கள். இங்கே குதிரையும் நானே.

என் போனிலேயே அந்த டிக்கெட்டைத் திறந்தேன். கேட்டவர் யார் என்ற இடத்தில் ரஞ்சன் என்று இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். நான் எதைப் பார்த்தேன் என்பதை அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு அந்தப் பொண்ணைப் போலீஸ் கூப்பிட்டிருக்கு," என்றார். "அதோட இது முடிஞ்சுடும். நீங்க பத்தொன்பது வருஷம் ஒரு கறை இல்லாம இருந்திருக்கீங்க. உங்க டிக்கெட்டை எல்லாம் தோண்டினா எத்தனை கீபோர்டு மாறாமலே மாறியிருக்கும்? யாருக்கு நல்லது?" என் பக்கம் இருந்த டீயைக் காட்டினார். "ஆறிப்போச்சு. வேற சொல்லட்டுமா? கீபோர்டை இங்கேயே வெச்சுட்டுப் போங்க."

பயமாக இருந்தது. இவர்தான் செய்தார் என்று எனக்குத் தெரியாது, இன்றுவரை தெரியாது. ஒரு மனுஷர் மேல் ஆதாரமில்லாமல் பழி போடுவது எப்படி முடியும் என்று அந்த வாரம் நன்றாகவே பார்த்துவிட்டேன். ஆனால் அந்தக் கீபோர்டு அந்த அறையில் தங்கினால் வெளியே வராது என்று மட்டும் தெரிந்தது.

"இல்லை," என்றேன். தமிழில்தான் வந்தது. கீபோர்டை எடுத்துக்கொண்டு நடந்தேன். அவர் தடுக்கவில்லை. கதவருகில் திரும்பியபோது போனை எடுத்துக்கொண்டிருந்தார்.

கறிகாய்க்கு வைத்திருக்கும் துணிப்பையில் கீபோர்டைக் குத்தித் திணித்து ஆட்டோவில் ஏறினேன். மூன்று நாள் மழையில் ரோடு முழுக்கப் பள்ளம். ஆட்டோ ஒவ்வொன்றிலும் இறங்கி ஏறியது. பை என் மடியில் துள்ளிக்கொண்டே வந்தது. நான் சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். டிக்கெட் விஷயத்தைக் கொஞ்சம் மழுப்பிச் சொல்ல முடியுமா என்றுகூட யோசித்தேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

சைபர் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டார். தாளில் இரண்டு வரிகளையும் அருகருகே எழுதிக் காட்டினேன். அவருக்குச் சுவாரசியமாக இருந்தது தெரிந்தது. "அப்போ இதுல எல் விழாது, அதானே?" என்று கீபோர்டை வாங்கித் தன் கம்ப்யூட்டரில் செருகி அழுத்தினார்.

விழுந்தது.

மறுபடி அழுத்தினார். நான் பிடுங்காத குறையாக வாங்கி அழுத்தினேன். மெதுவாக, வேகமாக, ஓரத்தில், நடுவில். ஒவ்வொரு தடவையும் விழுந்தது. திரை முழுக்க எல் எல் என்று வரிசை ஓடியது. ஒன்றுகூடத் தவறவில்லை.

பையைக் குனிந்து பார்த்தேன். அடியில், வாடிய கறிவேப்பிலைகளுக்கு நடுவே, காராச்சேவுத் துணுக்கு ஒன்று கிடந்தது. அரிசி அளவுகூட இல்லை. கீபோர்டு பையில் தலைகீழாக இருந்திருக்கிறது, ரோடு முழுக்கத் தட்டிக்கொண்டே வந்திருக்கிறது. கவிழ்த்துப் பிடித்து நாலு தட்டு. என் முதல் வைத்தியம் இப்போதுதான் பலித்தது.

"இது நல்லா வேலை செய்யுதே," என்றார் அதிகாரி.

அந்தத் துணுக்கை உள்ளங்கையில் வைத்துக் காட்டினால் யார் நம்புவார்கள்? கையில் மிச்சம் இருந்தது ஒன்றுதான். மழுப்புவதற்கு இடமில்லாமல் போய்விட்டது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன.

"மேடம், நான் எழுதித் தரேன். ஜூன் முப்பதாம் தேதி கீபோர்டை மாத்தினதா எழுதினது பொய். மாத்தினது ஜூலை பதினாலு. ஸ்டாக் வந்த சீட்டு இருக்கும், பாருங்கோ. அவர் கணக்கை அழிச்சதும் நான்தான். அழிக்கச் சொன்னது யாருன்னு டிக்கெட்ல இருக்கு. அந்தச் செய்திக்கு அர்த்தம் சொல்லிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். அந்த அர்த்தம் தப்பு."

"இதை எழுதினா வேலை போகும், தெரியுமா?"

"தெரியும்."

அவர் எழுந்து தன் இடத்தைக் கொடுத்தார். அதே கீபோர்டில், மாணிக்கத்தின் கீபோர்டில், என் வாக்குமூலத்தை அடித்தேன். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி எல் விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். மங்கல் சோரேனுக்கு இதில் சம்பந்தமில்லை என்றும் அடித்தேன். அவன் ஊருக்குப் போய்விட்டானாம், புருலியாவில் எந்த ஊர் என்று ஆபீசில் யாருக்கும் தெரியவில்லை. அதிகாரி அச்செடுத்து, முத்திரை வைத்து, கீபோர்டுக்கும் ஒரு ரசீது கொடுத்தார். "ஸ்டாக் சீட்டைக் கேட்டு வாங்குவோம். அழிச்ச கணக்கோட நகல் எங்கேயாவது இருக்கான்னும் கேட்போம். இப்பவே எதுவும் சொல்ல முடியாது. நாளைக்கு அந்தப் பொண்ணு வரணும், வந்துதான் ஆகணும். நீங்களும் வாங்க," என்றார்.

வெளியே வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. ஆபீஸ் சாட்டைத் திறந்தேன். உங்கள் கணக்கு நிறுத்தப்பட்டுள்ளது என்று வந்தது. என் இடத்தில் இப்போது யாரோ உட்கார்ந்து என் டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருப்பார்கள்.

லேக் மார்க்கெட் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கவிதாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. சுபிக்ஷா. ரஞ்சன் யாருக்குப் போன் செய்யப் போனார் என்பது அப்போது புரிந்தது.

"அங்கிள், அவதான் பண்ணான்னு எழுதிக் குடுத்தது நீங்களா?"

கீழே இன்னொன்று வந்தது. "இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அங்கிள். நான் நம்பிக்கறேன்."

போலீஸ் ஸ்டேஷன், முத்திரை, ரசீது எல்லாம் இருந்தது. அதையெல்லாம் முதலில் அடிக்கலாமா என்று பார்த்தேன். அவள் கேட்டது அதை இல்லை. என் போனில் எல் நன்றாக இருக்கிறது, தொட்டால் விழும். கட்டைவிரலை அதன் மேல் வைத்துக்கொண்டு பார்க் சர்க்கஸ் வரை உட்கார்ந்திருந்தேன்.

பிறகு "ஆமா" என்று அடித்து அனுப்பினேன்.